ஆறாம் வாரத்தில் மல்லாந்து சாகும் கறிக்கோழி

கேள்வி: வீட்டின் பின்புறம் 20 பிராய்லர் குஞ்சுகள் வளர்த்தேன். ஐந்து வாரம் வரை ஒரு குறையும் இல்லை. ஆறாம் வாரத்தில் மூன்று செத்துப்போயின. இரண்டு மல்லாந்து கிடந்தன. ஒன்றின் வயிறு நீர் கோத்து உப்பியிருந்தது. எட்டாம் வாரத்தில் மீதி எல்லாவற்றையும் ஒரே நாளில் அறுத்தோம். இறகு பிடுங்கும்போது தோல் கிழிந்தது. அன்றைக்கே சமைத்த கறி ரப்பர்போல் இருந்தது. வயது கூடியதுதான் காரணமா? அடுத்த தடவை எதை மாற்ற வேண்டும்?

பதில்: வயதைக் குற்றம் சொல்லாதீர்கள். எட்டு வாரக் கோழி இன்னும் குஞ்சுதான். அதன் கறி ரப்பராக வழியே இல்லை. அது நீங்கள் அன்றைக்கே சமைத்ததால் வந்த வினை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் செத்தவற்றைப் பார்ப்போம்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது தொற்றுநோய்போல் தெரியவில்லை. பிராய்லர் என்பது ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டும்படி தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ரகம். சதை வளரும் வேகத்துக்கு இதயமும் நுரையீரலும் ஈடுகொடுப்பதில்லை. நுரையீரலுக்கு ரத்தம் தள்ளும் வலப்பக்க இதயம் திணறும், ரத்தம் பின்தேங்கும், ஈரலிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் சேரும். அதுதான் உப்பிய வயிறு. மல்லாந்து கிடந்த இரண்டும் திடீரென இதயம் நின்று போயிருக்கும். இப்படிச் சாவது பெரும்பாலும் கூட்டத்திலேயே கொழுத்த, நன்றாகத் தின்கிற கோழிதான். வளர்த்தவருக்கு வயிற்றெரிச்சல் அதனால்தான்.

ஒரு எச்சரிக்கை மட்டும் இங்கே. ஓரிரு நாளில் பல கோழிகள் சேர்ந்து சோர்ந்தாலோ, மூக்கு ஒழுகினாலோ, கழிச்சல் கண்டாலோ, முகம் வீங்கினாலோ கதையே வேறு. அப்போது அறுக்கவும் கூடாது, செத்ததைத் திறந்து பார்க்கவும் கூடாது. கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

உங்கள் கோழிகளுக்கு மருந்து, பட்டினி. முதல் வாரம் குஞ்சுகளுக்குத் தீவனம் எப்போதும் இருக்கட்டும். இரண்டாம் வாரம் முதல் இரவில் 10 முதல் 12 மணி நேரம் தீவனத் தொட்டியை எடுத்துவிடுங்கள். தண்ணீர் மட்டும் எந்நேரமும் வேண்டும். எடை சில நாள் பின்தங்கும், சாவு குறையும். காலையில் தொட்டியை வைத்ததும் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் என்பதால், அத்தனையும் ஒரே நேரத்தில் நின்று தின்னும் அளவுக்குத் தொட்டி இடம் வேண்டும். இதைச் செய்யாமல் பட்டினி போட்டால் வலுத்தது தின்னும், இளைத்தது மேலும் இளைக்கும்.

வயிற்றில் நீர் கோப்பதற்கு இன்னும் இரண்டு தூண்டுதல்கள் உண்டு: குளிரும் அம்மோனியாவும். குளிரும் குஞ்சுக்கு உடம்பைச் சூடாக வைக்கவே அதிகப் பிராணவாயு தேவை; அந்தச் சுமையும் அதே இதயத்தின்மேல்தான். முதல் வாரம் விளக்கின் கீழ் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு சுமார் 3 டிகிரி குறைத்து வாருங்கள். வெப்பமானியைவிடக் குஞ்சுகளே சரியாகச் சொல்லும். விளக்கின் கீழ் குவிந்து கிடந்தால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாய் பிளந்தால் சூடு. பரவலாகப் படுத்திருந்தால் சரி.

அம்மோனியா ஈரக் கூளத்திலிருந்து, அதாவது கோழிக்கு அடியில் தரையில் பரப்பும் படுக்கை ஈரமாவதிலிருந்து, வருகிறது. ஒரு கைப்பிடி கூளத்தை இறுக்கிப் பிடித்து விடுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் நல்லது. குனிந்து கோழியின் தலை உயரத்தில் மூக்கை வைத்து முகருங்கள். நாம் நிற்கிற உயரத்தில் தெரியாத நெடி அங்கே கண்ணைக் கரிக்கும். கோழிக்கு ஒரு சதுர அடி போதும் என்பார்கள். வீட்டில் வளர்க்கிறவர் இரண்டு கொடுங்கள், கூளம் காய்ந்தே இருக்கும்.

எப்போது அறுப்பது? ஆறு முதல் ஏழு வாரத்துக்குள், உயிர் எடை 2 முதல் 2.5 கிலோ இருக்கும்போது. அந்த எடை வர ஒரு கோழி ஏறக்குறைய 4 கிலோ தீவனம் தின்றிருக்கும். அதற்குமேல் போடுகிற தீவனத்தில் வரவர அதிகப் பங்கு கொழுப்பாகப் போகும்; காலும் இதயமும் தளரும். மருந்து ஏதாவது கொடுத்திருந்தால், நிறுத்தி எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று அதன் சீட்டில் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.

அறுப்பதற்கு 8 முதல் 12 மணி நேரம் முன்பு தீவனத்தை எடுங்கள். குடல் காலியாக இருந்தால் வேலை சுத்தமாக முடியும். ஒரேயடியாக ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடுவதும் தப்பு. குடல் சவ்வு நைந்து, தொட்டதும் கிழியும். பிடிப்பது இருட்டில். இருட்டில் கோழி அடங்கிவிடும். இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து உடம்பைத் தாங்குங்கள், இறக்கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். கனத்த கோழி கடுமையாகச் சிறகடித்தால் நெஞ்சின் உள்சதைக்கு ரத்த ஓட்டம் தடைபட்டு அந்தச் சதை செத்துப்போகும். பல நாள் கழித்து அறுத்தால் அந்த இடம் பச்சையாக இருக்கும். முதல்முறை அதைப் பார்த்தபோது நான் அழுகிவிட்டது என்றே நினைத்தேன்.

கோழியைத் தலைகீழாக உள்ளே இறக்க ஒரு கூம்பு செய்துகொள்ளுங்கள். அடி வெட்டிய பிளாஸ்டிக் குடம் போதும். உடம்பு அணைத்த மாதிரி இருப்பதால் உதறாது, காயம் படாது. நன்றாகத் தீட்டிய கத்தியால் தாடைக்குக் கீழே கழுத்தின் இருபக்க ரத்தக் குழாய்களும் அறுபடும்படி ஒரே இழுப்பு. ரத்தம் வடிய இரண்டு நிமிடமாவது விடுங்கள். உயிர் முழுதாகப் போனது உறுதியான பிறகே வெந்நீர்.

தோல் கிழிந்ததற்குக் காரணம் அந்த வெந்நீர்தான். கொதிக்கக் கொதிக்க எடுத்திருப்பீர்கள். 60 முதல் 63 டிகிரி, 45 முதல் 60 விநாடி, அவ்வளவுதான். காலைப் பிடித்து முக்கி அசைத்துக்கொண்டே, இறக்கையின் பெரிய இறகு ஒன்றை இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் உடனே எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கோழி முக்கும்போதும் நீர் ஆறும் என்பதால் வெப்பமானி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். தோல் சாப்பிடாத வீடென்றால் இந்தப் பாடே வேண்டாம்; வெந்நீர் இல்லாமல் இறகோடு தோலை உரித்துவிடலாம்.

குடல் எடுக்கும்போது வால் மேலுள்ள எண்ணெய்ச் சுரப்பியை வெட்டி எறியுங்கள். கழுத்தடியில் தீனிப்பையைத் தளர்த்திக்கொண்டு, எச்சத்துவாரத்தைச் சுற்றி மட்டும் கீறி, கையை நெஞ்செலும்பை ஒட்டி விட்டு மொத்தமாக இழுங்கள். பித்தப்பை உடைந்தால் அது பட்ட இடம் கசக்கும். ஈரலில் வெள்ளைப் புள்ளிகளோ, வயிற்றில் மஞ்சள் நீரோ கண்டால் அந்தக் கோழியை வீசிவிடுங்கள், கணக்குப் பார்க்காதீர்கள்.

இனி ரப்பர் விஷயம். உயிர் போன சில மணி நேரத்தில் தசையில் சக்தி தீர்ந்து அது இறுகிக்கொள்ளும். அந்த நேரத்தில் அடுப்பில் ஏற்றினால் இறுகியது இறுகியபடியே வேகும். எனவே சுத்தம் செய்ததும் ஐஸ் நீரில் போட்டு, நாலு மணி நேரத்துக்குள் உள்சதை 4 டிகிரிக்கு வரும்படி குளிர்வியுங்கள். பிறகு நீரை வடித்து, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் முழுதும் ஓய்வு கொடுங்கள். தொடைமூட்டை அசைத்தால் தளர்வாக ஆட வேண்டும். அதன் பிறகுதான் அடுப்போ, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியோ. சமைக்கும்போது உள்ளே 74 டிகிரி எட்டட்டும். எவ்வளவு சுத்தமாக அறுத்தாலும் சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் கிருமிகள் கோழிக் குடலில் சாதாரணமாக இருப்பவை.

மீதி 17 கோழியையும் ஒரே நாளில் அறுத்தீர்கள் அல்லவா, அதையும் மாற்றுங்கள். வெந்நீர் ஆறுவதும், ஐஸ் தீர்வதும், கை சோர்ந்து பித்தப்பை உடைவதும் பத்தாவது கோழிக்கு மேல்தான் நடக்கும். ஆறாம் வாரக் கடைசியில் பெரிய ஐந்தை முதலில் எடுங்கள். சாக முந்துவதும் அவைதான். இடம் விட்டதில் மற்றவை தேறும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் அடுத்த ஐந்து. குடலையும் இறகையும் ஆழமாகப் புதைத்து மேலே கனமாக எதையாவது வையுங்கள். நாய் ஒருமுறை தோண்டிவிட்டால் அடுத்த ஐந்தின் நாளையும் மோப்பம் பிடித்துக் காத்திருக்கும்.