பைபிள் வசனங்களை எழுத்தின்படியே எடுத்துக்கொள்ள வேண்டுமா, உருவகமாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

கேள்விக்குக் கீழே "எங்கள் வீட்டில் இதனால் தினமும் சண்டை" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னை எழுத வைத்தது. வீட்டில் யாரோ ஒருவர் புதிதாக ஒரு சபைக்குப் போக ஆரம்பித்திருப்பார், ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார், அது மற்றவர்கள் தலையில் விடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னியுங்கள்.

நான் இறையியல் படித்தவள் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் பரம்பரை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கியவள், அவ்வளவுதான். 2001-ல் நான் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது அம்மா ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகத் தொடங்கினாள். அந்தச் சபைகளைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை, தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். இருபது வருடம் எங்கள் ஊர்க் கோவிலில் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா, அங்கே போய்த்தான் வாய் திறந்து ஜெபிக்கக் கற்றுக்கொண்டாள். அவள் பெயரைச் சொல்லி நலம் விசாரித்தார்கள். அது பொய்யில்லை.

ஆனால் முழுக்கு ஞானஸ்நானம் எடுப்பதற்கு முன் நகையைக் கழற்ற வேண்டும் என்றார்கள். 1 பேதுரு 3:3. "மயிரைப் பின்னி, பொன்னாபரணங்களை அணிந்து, உயர்ந்த வஸ்திரங்களை உடுத்திக்கொள்ளுதலாகிய புறம்பான அலங்கரிப்பு உங்களுக்கு அலங்காரமாயிராமல்" என்று வரும் வசனம். எழுதியிருக்கிறது, கீழ்ப்படிய வேண்டும், விளக்கம் எல்லாம் சாத்தானின் வேலை என்றார்கள். அம்மா வளையல், சங்கிலி, கம்மல் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடைசியில் தாலி. எங்கள் பக்கத்துத் தாலியில் சிலுவை பொறித்திருக்கும். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து உள்ளே வந்து, "நான் உயிரோடதானே இருக்கேன்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எங்கள் ஊரில் காதும் கழுத்தும் மூளியாக ஒரு பெண் தெருவில் நடந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அம்மா பதில் சொல்லவில்லை. தாலியைக் கைக்குட்டையில் சுற்றி அப்பாவின் பெட்டியில் வைத்தாள். மற்றதெல்லாம் ஒன்பது பவுன், சபைக் கட்டட நிதிக்குப் போனது.

இதற்கு ஒரு மாதம் கழித்து நடந்ததை இன்றுவரை அம்மாவிடம் நான் கேட்டதில்லை. நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். அடுக்களையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒரு வேப்பங்குச்சியை அரிவாள்மனையில் சன்னமாகச் சீவி, நுனியைத் தேங்காயெண்ணெயில் தொட்டு, காது ஓட்டைக்குள் மெதுவாகத் திருகிக்கொண்டிருந்தாள். ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்க. விடிவதற்குள் எடுத்துவிடுவாள் போல, பகலில் ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. விசுவாசத்தில் குறைவு என்று சொல்வீர்களா? நான் சொல்ல மாட்டேன். மனதாரக் கழற்றியிருந்தால் அந்தக் குச்சி தேவைப்பட்டிருக்காது என்று மட்டும் அன்றைக்குப் புரிந்தது. (விரும்பி நகை போடாமல் இருப்பவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. என் கல்லூரித் தோழி ஒருத்தி அப்படித்தான் இருக்கிறாள், அவள் முகத்தில் ஒரு நிறைவு இருக்கும்.)

அந்தச் சபைப் பாஸ்டரிடம் நானே போய்க் கேட்டேன். அதே வசனத்தில் பொன்னுக்கு முன்னால் "மயிரைப் பின்னி" என்று இருக்கிறதே, இங்கே எல்லா அக்காமாரும் சடை பின்னியிருக்கிறார்களே என்று. சடை அந்தக் காலத்து ரோமப் பணக்காரப் பெண்களின் வழக்கத்தைச் சொன்னது, நமக்குப் பொருந்தாது என்றார். அப்படியானால் பொன்? அதற்குப் பதில் வரவில்லை. "சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கவேண்டும்" என்ற வசனம் வந்தது. பதினைந்து வயது எனக்கு. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அப்புறம் நான் கல்யாணம் செய்துகொண்டது லுத்தரன் குடும்பத்தில். என் கணவரின் சித்தப்பா போதகர், கிரேக்கம் படித்தவர். அவர் இந்த வசனத்தைக் கிரேக்கத்தில் விரல் வைத்துக் காட்டினார். மூலத்தில் "உயர்ந்த" என்ற சொல்லே கிடையாது. வெறும் "வஸ்திரங்களை உடுத்திக்கொள்ளுதல்" என்றுதான் இருக்கிறது. 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளிலும் அப்படியே வெறும் உடைதான். எழுத்தின்படி எடுத்தால் துணியே உடுத்தக்கூடாது என்று ஆகிவிடும். பேதுரு அதைச் சொல்லியிருக்க முடியாது என்று புரிந்துதான் தமிழில் மொழிபெயர்த்தவர்கள் "உயர்ந்த" என்று சேர்த்திருக்கிறார்கள், சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆக எங்கள் அம்மா கையில் வைத்திருந்த அந்த வசனமே ஏற்கெனவே ஒருவர் யோசித்து அர்த்தம் பார்த்துக் கொடுத்ததுதான். "உன் அழகு இதில் இல்லை, உள்ளே இருக்கிற குணத்தில் இருக்கிறது" என்று அடுத்த வசனம் போகிறது. ஒன்றைவிட இன்னொன்று பெரிது என்று சொல்கிற பேச்சு அது.

அவர்தான் மார்பர்க் கதையையும் சொன்னார். 1529-ல் ஜெர்மனியில் மார்பர்க் என்ற ஊரில், புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் சுவிங்லியும் ஒரே மேசையில் உட்கார்ந்து, கடைசி இராப்போஜனத்தில் "இது என் சரீரம்" என்று இயேசு அப்பத்தைக் காட்டிச் சொன்னது நிஜமாகவா, உருவகமாகவா என்று வாதாடினார்கள். லூத்தர் மேசையின்மேல் சாக்கட்டியால் அந்த வாக்கியத்தை லத்தீனில் எழுதி வைத்துக்கொண்டு கடைசிவரை இறங்கி வரவில்லை. மற்ற எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒத்துப்போனவர்கள் அந்த ஒரு விஷயத்தில் பிரிந்து போனார்கள். இதை இங்கே சொல்லக் காரணம், எங்கள் அம்மா போன சபையில் அந்த வாக்கியத்துக்கு "அது அடையாளம்தான்" என்பார்கள். கத்தோலிக்கர்கள் அதை நிஜம் என்பார்கள், ஆனால் கம்மலைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள். முழுக்க முழுக்க எழுத்தின்படி வாசிக்கிற ஒரு சபையை நான் இதுவரை பார்த்ததில்லை. எல்லாரும் சிலதை அப்படியே எடுக்கிறார்கள், சிலதுக்கு அர்த்தம் சொல்கிறார்கள்.

அதனால் நான் கேட்கிற கேள்வி வேறு. எழுத்தின்படி எடுக்கும்போது அதற்கு விலை கொடுப்பது யார்? "ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைப்பார்க்கிலும், ஒட்டகமானது ஊசியின் காதிலே நுழைவது எளிதாயிருக்கும்" என்ற வசனத்துக்கு அம்மா போன சபையின் மேடையிலேயே பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எருசலேமில் ஊசிவாசல் என்று ஒரு சின்ன வாசல் இருந்ததாம், ஒட்டகம் மண்டியிட்டால் நுழைந்துவிடுமாம். இயேசுவின் காலத்தில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு எந்த ஆதாரமும் கிடையாது. முன்வரிசையில் நெல் வயலும் கடைகளும் வைத்திருந்த ஆண்கள் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். "உங்களுக்கு உள்ளவைகளை விற்றுப் பிச்சைகொடுங்கள்" என்று லூக்கா 12-ல் அச்சடித்தே இருக்கிறது, அதற்கு எத்தனை விளக்கம்! ஆணின் வயலுக்கு உருவகம், பெண்ணின் காதுக்கு எழுத்து. இதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. ஆபிரகாமின் மகனுக்குப் பெண் பார்க்கப் போன ஊழியக்காரன் ரெபெக்காளுக்குப் போட்ட பொன் கடகங்களின் எடையைக்கூட ஆதியாகமம் 24 சொல்கிறது, பத்துச் சேக்கல் (அந்தக் காலத்து எடை அளவு). அதை யாரும் எங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை.

இதைப் படித்துவிட்டு "அதனால்தான் மதமே வேண்டாம் என்கிறோம்" என்று பின்னூட்டம் போட வருகிறவர்களுக்கு: நான் இன்றும் தினமும் வேதம் வாசிக்கிறேன். அந்தப் புத்தகம் எனக்கு உயிர்.

பழைய சபையும் எங்களுக்கு ஒன்றும் நல்லது செய்யவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா கடைசிவரை சி.எஸ்.ஐ.தான். 2016-ல் இறந்தார், ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம். பக்கத்தில் தனக்கு ஓர் இடம் வேண்டும் என்று அம்மா கேட்டாள். சங்கத்துச் சந்தா பல வருடமாகக் கட்டவில்லை, பெயரும் பதிவேட்டில் இல்லை என்று கமிட்டியில் சொல்லிவிட்டார்கள். மொத்தப் பாக்கியையும் கட்டுகிறேன் என்றேன். வேறு சபைக்குப் போனவர்களுக்கு இடம் இல்லை என்றார்கள். அதற்கு எந்த வசனம் என்று கேட்டேன். தீர்மானம் என்றார்கள். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள்.

சரி, உங்கள் வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். அடுத்த தடவை யாராவது ஒரு வசனத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் வாதாடாதீர்கள், அந்த அதிகாரத்தை முழுதாக வாசிப்போம் என்று சொல்லுங்கள். நகை வசனம்தான் என்றால் மூன்றோடு நிறுத்த விடாதீர்கள். ஏழாம் வசனம் புருஷர்களுக்கு எழுதியது. மனைவிக்குச் செய்யவேண்டிய கனத்தைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் உங்கள் ஜெபத்துக்கே தடை வரும் என்கிறது. அம்மா போன சபையில் பத்து வருடம் அவளோடு நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாம் வசனத்தை எத்தனையோ முறை கேட்டேன், ஏழாம் வசனத்தை ஒருவரும் வாசிக்கவில்லை.