ஒரே தரவு, இரண்டு மாநாடுகள்: எதற்கு அனுப்புவது?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு. வீட்டில் இரண்டு மொழி கேட்டு வளரும் ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளின் பெற்றோரிடம் சொற்பட்டியல் கொடுத்து நிரப்பி வாங்கி, குழந்தை பேசும் ஒவ்வொரு சொல்லையும் வேர்ட்நெட்டில் (சொற்களைப் பொருள்வாரியாக அடுக்கி ஒன்றோடொன்று இணைத்த கணினி அகராதி) உள்ள பொருளோடு இணைத்திருக்கிறேன். இதை வேர்ட்நெட் மாநாட்டுக்கு அனுப்புவதா, குழந்தை இருமொழி ஆய்வு மாநாட்டுக்கா? இரண்டுக்கும் அனுப்பினால் தப்பா? நெறியாளர் 'எங்கேயாவது சீக்கிரம் அனுப்பு' என்கிறார்.

பதில்: அந்த 'எங்கேயாவது'தான் ஆபத்து. இந்த இரண்டு கூட்டத்துக்கும் வந்தவற்றை மதிப்பிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்களுடையதைப் போல நடுவில் நிற்கும் வேலைகள் பெரும்பாலும் அடிபடுவது ஒரே காரணத்தால்: படிக்கிறவருக்கு 'இது எனக்கு எதற்கு?' என்பது முதல் பத்தியில் தெரிவதில்லை. அதனால் மாநாட்டைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் முடிவை ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். எழுவாய் 'குழந்தைகள்' என்று வந்தால் ஒரு பக்கம், 'வேர்ட்நெட்' என்று வந்தால் இன்னொரு பக்கம். 'இந்த ஆய்வு' என்று வந்தால் உங்களிடம் இன்னும் முடிவு இல்லை, வேலைதான் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் வேர்ட்நெட் பக்கம். ஜார்ஜ் மில்லர் பிரின்ஸ்டனில் 1980-களின் நடுவில் இதைத் தொடங்கியபோது அவர் ஓர் உளவியலாளர், மனித மனத்தில் சொற்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் அவருடைய அக்கறை. அப்புறம் கணினி மொழியியல்காரர்கள் அதைச் சுவீகரித்துக்கொண்டார்கள். (குழந்தைகளின் சொல் பெருக்கத்தைப் பற்றி மில்லர் நிறைய எழுதியவர், ஆகவே உங்கள் தலைப்பு அந்தக் கூட்டத்துக்கு அந்நியமானது என்று கூச்சப்பட வேண்டாம்.) குளோபல் வேர்ட்நெட் மாநாடு முதன்முதலில் 2002-இல் மைசூரில் நடந்தது, 2023-இல் ஸ்பெயினின் சான் செபாஸ்டியனில், 2025-இல் இத்தாலியின் பவியாவில். பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஜனவரியில். சின்ன கூட்டம், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், புதிதாக வருகிறவருக்கு அது நல்லதுதான்.

அங்கே உங்களிடம் கேட்கப்போவது குழந்தைகளைப் பற்றி அல்ல. எந்தப் பதிப்போடு இணைத்தீர்கள்? பிரின்ஸ்டன் 3.0-வா, 3.1-ஆ, அதற்குப் பிறகு தனியாக வளர்ந்துவரும் ஓப்பன் இங்கிலீஷ் வேர்ட்நெட்டா? இரண்டாவது மொழியை எப்படிச் சேர்த்தீர்கள், பல மொழி வேர்ட்நெட்டுகளின் பொருள்களுக்குப் பொது எண் தரும், 2016-இல் அறிவிக்கப்பட்ட சிலி (CILI) என்ற பட்டியல் வழியாகவா, இல்லை நேரே ஆங்கிலத்துக்கா? ஒரே சொல்லை இரண்டு பேர் தனித்தனியாக இணைத்தால் எவ்வளவு ஒத்துப்போகிறது? இணைப்பை யார் வேண்டுமானாலும் பதிவிறக்கலாமா, என்ன உரிமத்தில்? கடைசிக் கேள்விக்கு 'பிறகு வெளியிடுவோம்' என்று பதில் எழுதுகிறவர்கள் பலர். மதிப்பாய்வாளர் அதை 'வெளியிட மாட்டோம்' என்றே படிக்கிறார்.

உங்கள் தரவில் அவர்களுக்கு உண்மையிலேயே சுவாரசியமான பகுதி எது என்றால், இணைக்க முடியாமல் போன சொற்கள். வேர்ட்நெட் பெயர், வினை, பெயரடை, வினையடை என்ற நான்கோடு நின்றுவிடும். பிரதிப்பெயருக்கும் முன்னிடைச்சொல்லுக்கும் அதில் இடமில்லை. ஆனால் பெற்றோர் நிரப்பும் மக்ஆர்தர்-பேட்ஸ் சொற்பட்டியல், ஆங்கிலத்தில் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான வடிவத்தில் 680 சொற்கள் கொண்டது, தொடங்குவதே விலங்குச் சத்தங்களிலும் ஒலிக்குறிப்புகளிலும்தான். அதாவது குழந்தையின் மிக ஆரம்ப காலச் சொற்களில் ஒரு பங்கு, பெரியவர்களுக்காகக் கட்டிய வளத்துக்கு வெளியே விழுகிறது. மாணவர்கள் இதை 'வரம்புகள்' என்ற கடைசிப் பத்தியில் ஒளித்து வைக்கிறார்கள். அதை முதல் அட்டவணையாகப் போடுங்கள், எந்த வகைச் சொல் எவ்வளவு விடுபட்டது, இரண்டு மொழியிலும் ஒரே அளவில் விடுபடுகிறதா என்று.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. வேர்ட்நெட் 3.0-இல் ஆங்கிலத்தின் 'ரன்' வினைக்கு மட்டும் 41 பொருள். பெற்றோர் கட்டத்தில் ஒரு டிக் போட்டால் அது எந்தப் பொருள்? ஓடுவது என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பீர்கள், நானும் அப்படித்தான் எடுப்பேன், ஆனால் அதை ஒரு விதியாக எழுதி வைத்திருக்கிறீர்களா என்பது முக்கியம். 'முதலில் வரும் பொருளை எடுத்தோம்' என்பது விதிதான், ஆனால் மோசமான விதி, ஏனென்றால் அந்த வரிசை பெரியவர்களின் எழுத்து நடையில் எது அதிகம் வந்தது என்பதைச் சார்ந்தது.

சரி, குழந்தைப் பக்கம். இங்கே மூன்று இடங்களைச் சொல்வேன். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மொழி வளர்ச்சி மாநாடு 1976-இலிருந்து நடக்கிறது, ஆண்டுதோறும், நவம்பரை ஒட்டி, போட்டி கடுமை. குழந்தை மொழி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் மாநாடு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, 2024-இல் பிராகில் நடந்தது. 1997-இல் தொடங்கிய பன்னாட்டு இருமொழியக் கருத்தரங்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அதில் பெரியவர்கள், பள்ளி, மூளை எல்லாம் கலந்து வரும், ஆனால் உங்கள் தலைப்புக்கு விளக்கமே தேவைப்படாத இடம் அதுதான்.

இவர்களுக்கு வேர்ட்நெட்டில் அக்கறை இல்லை. ஆனால் வேர்ட்நெட் தீர்க்கக்கூடிய ஒரு பிரச்சினை அவர்களிடம் நெடுநாளாக இருக்கிறது. இருமொழிக் குழந்தையின் சொல்வளத்தை ஒரே மொழியில் மட்டும் எண்ணினால் குறைவாகத் தெரியும், இரண்டையும் கூட்டினால் ஒரே பொருளை இரண்டு முறை எண்ணுகிறோம். இதற்காகத்தான் பியர்சன், ஃபெர்னாண்டஸ், ஒல்லர் மூவரும் 1993-இல் ஸ்பானிஷ்-ஆங்கிலக் குழந்தைகளை வைத்து, சொற்களை எண்ணாமல் கருத்துகளை எண்ணும் முறையைப் பயன்படுத்தினார்கள். நல்ல யோசனை. ஆனால் எது ஒரே கருத்து என்று யார் முடிவு செய்வது? ஸ்பானிஷின் 'தேதோ' நம் 'விரல்' போலக் கைக்கும் காலுக்கும் பொது. ஆங்கிலத்தில் 'ஃபிங்கர்' வேறு, 'டோ' வேறு. மூன்று சொல்லும் தெரிந்த குழந்தைக்கு எத்தனை கருத்து? கையால் ஜோடி சேர்க்கிற ஆய்வாளர் இரண்டு என்பார். வேர்ட்நெட்டில் இரண்டுக்கும் மேலே, இரண்டையும் அடக்கிய பொதுப் பொருளாக ஒரு விரல் இருக்கிறது, 'தேதோ' அங்கே போய் உட்காரும், ஆக மூன்று. இப்படிப் பட்டியல் முழுக்கப் போனால் குழந்தையின் மொத்த எண்ணிக்கை இணைப்பு முறையைப் பொறுத்து மாறும். உங்கள் குழந்தைகளில் அது எவ்வளவு மாறுகிறது, இருமொழி-ஒருமொழி ஒப்பீட்டின் முடிவையே புரட்டுகிறதா என்று இரண்டு விதமாகவும் கணக்கிட்டுக் காட்டினால் உங்கள் பேச்சுக்கு ஆள் வரும். உண்மையில் உங்களிடம் இருப்பதில் இதுவே சிறந்த பகுதி என்பது என் எண்ணம், நீங்கள் கேள்வியில் அதைக் குறிப்பிடக்கூட இல்லை.

இங்கே மதிப்பாய்வாளர் கேட்பவை வேறு. பிறந்ததிலிருந்தே இரண்டு மொழியா, ஒன்று பின்னால் வந்ததா? நாளில் எவ்வளவு நேரம் எந்த மொழி காதில் விழுகிறது, அதை எப்படி அளந்தீர்கள்? ஒவ்வொரு மொழிப் பட்டியலையும் அந்த மொழியில் குழந்தையோடு பேசுகிறவர்தான் நிரப்பினாரா, இல்லை ஒருவரே இரண்டையுமா? ஒருவரே என்றால் மறைக்காமல் எழுதுங்கள். அந்தந்த மொழிக்கென்று தழுவி உருவாக்கிய பட்டியலா, ஆங்கிலப் பட்டியலை நீங்களே மொழிபெயர்த்ததா? பின்னதாக இருந்தால் தகராறுதான், ஏனென்றால் அந்த மொழியின் குழந்தைகள் முதலில் பேசும் சொற்கள் பட்டியலிலேயே இல்லாமல் போயிருக்கலாம்.

இரண்டுக்கும் அனுப்பலாமா என்றீர்கள். அனுப்பலாம், ஒரே கட்டுரையை அல்ல. இரண்டு துறையின் வழக்கமும் வேறு என்பது பல நெறியாளர்களுக்கே தெரிவதில்லை. கணினி மொழியியலில் மாநாட்டுக்கு முழுக் கட்டுரையை அனுப்புகிறீர்கள், அது மதிப்பிடப்பட்டு ஏசிஎல் (கணினி மொழியியல் சங்கம்) நடத்தும் ஆந்தாலஜி என்ற இணையக் களஞ்சியத்தில் யாரும் படிக்கும்படி வெளியாகும், அதுவே இறுதி வெளியீடு. குழந்தை மொழித் துறையில் அனுப்புவது ஒரு பக்கம் போலச் சுருக்கம். பேசிவிட்டு வந்து, பிறகு இதழுக்கு எழுதுவார்கள், கணக்கில் வருவது இதழ்தான். ஆகவே இணைப்பு முறை, விடுபட்ட சொற்கள், தரவு வெளியீடு என்பதை முதலில் வேர்ட்நெட் மாநாட்டுக்குக் கட்டுரையாக்குங்கள். கருத்து எண்ணிக்கை மாறுவதைக் குழந்தைகள் மாநாட்டுக்குச் சுருக்கமாக்குங்கள். இந்த வரிசைக்குக் காரணம், சுருக்கத்தில் பாதியை முறையியல் தின்றுவிடாமல், முன்பே வெளியானதைச் சுட்டி ஒரே வரியில் தாண்டிவிடலாம். பெயர் மறைத்து மதிப்பிடும் மாநாடு என்றால் உங்கள் கட்டுரையையே வேறு யாரோ எழுதியதைப் போலச் சுட்டுங்கள், கோப்பின் பண்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயரையும் அழித்துவிடுங்கள். வேறெங்காவது பரிசீலனையில் இருக்கிறதா என்று படிவம் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

சுருக்கம் எழுதும்போது 'முடிவுகள் விவாதிக்கப்படும்' என்ற வாக்கியம் வேண்டவே வேண்டாம். எத்தனை குழந்தைகள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, எண்ணோடு. படம் ஒன்று அனுமதித்தால் கட்டாயம் போடுங்கள்.

இரண்டு தேதியும் ஒத்துவராவிட்டால் மொழி வளங்களுக்கான எல்ஆர்இசி மாநாடு இருக்கிறது, 1998-இல் கிரனாடாவில் தொடங்கியது. அறிதிறனையும் கணினி மொழியியலையும் சேர்த்துப் பார்க்கும் சிஎம்சிஎல் என்ற பட்டறையும் ஏசிஎல் குடும்ப மாநாடுகளோடு சேர்ந்து நடக்கும். நடுவில் நிற்கும் வேலையை அங்கே யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள்.

பெற்றோரிடம் வாங்கிய ஒப்புதல் கடிதத்தை இன்றே எடுத்துப் படியுங்கள். 'ஆய்வுக்குப் பயன்படுத்தலாம்' என்று மட்டும் இருந்தால் குழந்தைவாரியான தரவைப் பொதுவெளியில் போட முடியாது, பெயரை நீக்கினாலும்தான். பிறந்த மாதமும் அரிதான மொழி ஜோடியும் சேர்ந்தாலே எந்த வீடு என்று தெரிந்துவிடும். சொல்-பொருள் இணைப்பை மட்டும் வெளியிடுவதில் அந்தச் சிக்கல் இல்லை, வேர்ட்நெட்காரர்களுக்கு அதுவே போதும்.

பணம்: கட்டுரை ஏற்கப்பட்டால் ஆசிரியர்களில் ஒருவராவது பதிவுக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும், மாணவர் கட்டணமும் பயண உதவியும் உண்டா என்று அனுப்புவதற்கு முன்பே பாருங்கள், விசா கடிதத்தை ஏற்பு வந்த அன்றே கேளுங்கள். மேடைப் பேச்சுக்குப் பதில் போஸ்டர் (சுவரில் ஒட்டி, வருகிறவர்களுக்கு விளக்குவது) கிடைத்தால் முகம் சுளிக்காதீர்கள், உங்கள் இணைப்பு விதியை ஒருவர் நின்று கால் மணி நேரம் குடைவது போஸ்டருக்கு முன்னால்தான் நடக்கும்.

'சீக்கிரம்' என்ற அவசரத்தில் மின்னஞ்சலில் வரும் அழைப்புகளுக்கு மட்டும் போய்விடாதீர்கள். மொழியியல், மேலாண்மை, பொறியியல் எல்லாம் ஒரே மாநாட்டில், இரண்டு நாளில் ஏற்பு, மதிப்பாய்வுக் குறிப்பே கிடையாது என்றால் அது கட்டண வசூல். உங்கள் மேற்கோள் பட்டியலில் உள்ளவர்களில் ஒருவராவது அந்த மாநாட்டின் நிகழ்ச்சிக் குழுவிலோ முந்தைய தொகுப்பிலோ இருக்கிறாரா என்று தேடுங்கள். ஒருவர்கூட இல்லையென்றால் அனுப்பாதீர்கள், நெறியாளர் அவசரப்படுத்தினாலும்.