மகரம்: முதலையா, சுறாவா?

அன்புள்ள ஐயா,

எனக்குத் தேவிபட்டினம். கோயில் மகர தோரணத்தில் இருப்பது முதலை என்கிறார் எங்கள் தமிழாசிரியர். மகர ராசிக்குரிய தை மாதத்தைச் ‘சுறவம்’ (சுறா) என்று அச்சிட்ட நாட்காட்டியைக் காட்டினேன். தனித்தமிழ்க்காரர்கள் இட்டுக்கட்டியது என்று சிரித்தார். மகரம் என்பது என்னதான்? சொல் எங்கிருந்து வந்தது?

வாசகர், தேவிபட்டினம்

அன்புள்ள நண்பருக்கு,

ஆசிரியர் கங்கைக்கரையில் நின்று பேசுகிறார். அங்கே மகரம் முதலைதான். இந்தியில் ‘மகர்’ என்றால் இன்றும் முதலை. ஆனால் கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் கண்ணன் ‘மீன்களில் நான் மகரம்’ என்கிறான். ஆக, வடமொழியிலேயே அது ஒரே விலங்கில் நிற்கவில்லை. எந்த வினையடியிலிருந்தும் ஒழுங்காகப் பிறக்காத சொல் என்பதால், வேற்றுமொழிக் கடனாக இருக்கலாம் என்பாரும் உண்டு. அதற்காக உடனே ‘தமிழ்தான் மூலம்’ என்று கிளம்பிவிடாதீர்கள், ஆதாரம் கிடையாது.

தமிழ்ப் புலவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. வடமொழியில் காமன் மகரக்கொடியோன். கலித்தொகையில் அவன் ‘சுறாஅக் கொடியான்’. நெய்தல் நிலத்துக்காரனுக்குக் கடலில் பயப்படவும் கும்பிடவும் உரியது சுறாதானே! பட்டினப்பாலையில் பரதவர் கடலுக்குப் போகாத முழுநிலா நாளில் ‘சினைச் சுறவின் கோடு நட்டு’, அதாவது சினைச் சுறாவின் கொம்பை நட்டு, வழிபடுகிறார்கள். சுறாவுக்கு ஏது கொம்பு? இருபுறமும் பல் வைத்த வாள்போல மூக்கு நீண்ட வேளாமீனைத்தான் புலவர் சொல்கிறார் என்பது என் எண்ணம். உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள், வலையைக் கிழித்த கதை சொல்வார்கள். இப்போது பிடித்தால் வனவிலங்குச் சட்டம் பாயும். 2001இல் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

தோரணத்தில் இருப்பதோ இரண்டுமே இல்லை. அருகில் போய்ப் பாருங்கள்: மேலே சுருண்ட துதிக்கை, முதலைப் பல், வால் இருக்க வேண்டிய இடத்தில் கொடியும் இலையும். சிற்பி கடலையும் பார்க்கவில்லை, ஆற்றையும் பார்க்கவில்லை.

ராசி மகரம் தனிக் கதை. பாபிலோனில் அது மீன்வால் கொண்ட ஆடு. கிரேக்கர் வழியே இங்கே வந்து மகரம் என்று பெயர் பெற்றது. பிருகத்ஜாதகம் என்ற வடமொழிச் சோதிட நூல் அதற்கு மான்முகம் வைக்கிறது. அந்த உருவத்துக்குச் சுறவம் பொருந்தாது என்று ஆசிரியர் வாதிட்டால் ஒப்புக்கொள்ளலாம். இட்டுக்கட்டியது என்றால் மட்டும் விடாதீர்கள். மாதப் பெயராகப் புழங்குவது அண்மைக் காலத்தில்தான் என்றாலும், மகரத்தைச் சுறா என்று தமிழாக்கும் வழக்கம் கலித்தொகைக் காலத்தது.