யார் மேல் தப்பு?

கேள்வி: மூன்று தம்பதிகளின் பிரச்சினைகளைச் சொல்லும் மேடை நாடகம் ஒன்றுக்குப் போன வாரம் குடும்பத்தோடு போயிருந்தோம். என் மாமியாருக்குக் கோபம். "வீட்டு விஷயத்தை அம்பலத்தில் ஏற்றுகிறார்கள், அந்தக் காலத்தில் நம் நாடகங்கள் இப்படியா இருந்தன?" என்றார். அதற்குப் பிறகு ரயிலில் ஈசூன் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. என் மகளோ, இரண்டாவது கதையில் வரும் பெண் பையைத் தூக்கிக்கொண்டு போகாமல் திரும்பி வந்தது சுத்தப் பழைய பஞ்சாங்கம் என்கிறாள். எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் இரண்டு கட்சி. முடிவை மாற்றி மறுபடியும் போட வேண்டும் என்றுகூடச் சிலர் எழுதுகிறார்கள். யார் சொல்வது சரி?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: உங்கள் மாமியாரும் மகளும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: யார் மேல் தப்பு? மாமியார் எழுதியவர் மேல் போடுகிறார், மகள் அந்தப் பெண் மேல் போடுகிறாள். நீங்களும் இப்போது அதையே என்னிடம் கேட்கிறீர்கள். நானும் அந்த நாடகத்தைப் பார்த்தேன், அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

மகளிடம் முதலில் பேசுங்கள். லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டு, கதவு திறந்ததும் ஏறாமல் நின்றாளே, அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி எத்தனை வருடம்? இரண்டு. இங்கே கல்யாணம், விவாகரத்துக்கான சட்டமான மாதர் சாசனப்படி, கல்யாணமாகி மூன்று ஆண்டு ஆகாமல் விவாகரத்துக்கு மனுச் செய்ய முடியாது. அதற்கு முன்பே வேண்டும் என்றால், தாங்க முடியாத துன்பம் என்று காட்டி நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும். அப்புறம் வீடு. வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், முன்பதிவு வாங்கிக் கட்டிக் கொடுக்கும் பிடிஓ வீடு, போன வருடம்தான் சாவி வாங்கினார்கள். ஐந்து ஆண்டு நிறைவதற்குள் பிரிந்தால் அதை வீவகவிடமே திருப்பிக் கொடுக்க வேண்டி வரலாம். பிள்ளை இல்லாததால், அவள் தனி ஆளாக ஒரு வீவக வீடு வாங்க 35 வயதாக வேண்டும். அந்த லிஃப்ட் வாசலில் இத்தனையும் அவளோடு நின்றன. எழுதியவர் ஒரு வரி வசனம்கூட வைக்காமல் சாவிக்கொத்தை மட்டும் அவள் கையில் கொடுத்திருந்தார். அதைப் பழைய பஞ்சாங்கம் என்று எப்படிச் சொல்வது?

"அந்தக் காலத்தில்" என்ற பேச்சுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாடகாசிரியர் இளங்கோவனின் 'தலாக்' நாடகம் இங்கே தமிழில் மேடையேறியது 1998இல். கல்யாணத்துக்குள் ஒரு பெண் படும் பாட்டைத்தான் அது பேசியது. எதிர்ப்பு வந்தது. 2000இல் அதை ஆங்கிலத்திலும் மலாயிலும் போட உரிமம் கிடைக்கவில்லை. ஆக, கால் நூற்றாண்டுக்கு முன்பே நாம் சண்டை போட்ட விஷயம் இது.

என்னை உலுக்கியது மூன்றாவது கதைதான். உங்கள் வீட்டில் யாருமே அதைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். இருபத்திரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் சமையலறைச் சாமானைப் பங்கு பிரிக்கிறார்கள். அவள் இட்லிப் பானையை அவர் பக்கம் தள்ளுகிறாள். "உங்கம்மா வாங்கினது, நீங்களே வச்சுக்கோங்க." "எனக்கு மாவு அரைக்கத் தெரியாதே" என்கிறார் அவர். அவள் சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "நாலு அரிசிக்கு ஒரு உளுந்து. பெரிய பாத்திரத்துல வைங்க, ராத்திரி பொங்கிடும்" என்கிறாள். அவர் வக்கீல் கடிதம் வந்த உறையைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொள்கிறார். இந்த ஊரில் நான் பார்த்த தமிழ் நாடகங்களில் இதைவிடச் சிறந்த ஐந்து நிமிடம் இல்லை என்பேன்.

முடிவை மாற்றச் சொல்கிறவர்கள் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். இருவரும் நல்லவர்கள், பிறகு ஏன் பிரிய வேண்டும் என்று கேட்கிறார்கள். நம் சட்டமும் அப்படித்தான் இருந்தது. விவாகரத்து வேண்டுமென்றால் ஒருவர் இன்னொருவர் மேல் குற்றம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மூன்று, நான்கு ஆண்டு பிரிந்து வாழ்ந்து காட்ட வேண்டும். 2024 ஜூலையிலிருந்துதான் இருவரும் சேர்ந்து, இந்த மணவாழ்க்கை முறிந்துவிட்டது என்று சொல்ல வழி வந்திருக்கிறது. சட்டமே குற்றவாளியைத் தேடுவதைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துவிட்டது, நாம் ஏன் அரங்கில் உட்கார்ந்து தேட வேண்டும்? முடிவை மாற்றவே கூடாது.

ஆனால் முதல் கதையில் எனக்கு நிஜமாகவே குறை உண்டு. அதில் அடி இருக்கிறது. அங்கே யார் மேல் தப்பு என்பதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அந்தக் கணவனை சீரியல் வில்லன் மாதிரி கண்ணை உருட்ட வைத்துவிட்டார்கள். அவன் கையை ஓங்கியபோது எனக்குப் பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அதோடு, அடி வாங்கும் பெண் குடும்ப நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம், அதற்கு மூன்றாண்டுக் கணக்கெல்லாம் கிடையாது. மேடையில் ஒரு பக்கத்து வீட்டுக்காரியாவது அதைச் சொல்லியிருக்க வேண்டாமா? வாட்ஸ்அப் குழுவில் ஏதாவது மாற்றச் சொல்வதென்றால் இதைச் சொல்லுங்கள்.

சரி, மாமியார். ஈசூன் வரை பேசாமல் வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி அதுதான். நாடகம் எப்படி இருந்தது என்று அவரிடம் மறுபடி கேட்காதீர்கள். மூன்று கதையில் எது மனதில் நிற்கிறது என்று மட்டும் கேளுங்கள், மகளும் பக்கத்தில் இருக்கட்டும். அவர் பேச ஆரம்பித்தால் யாரும் குறுக்கே பேசாதீர்கள்.