‘பிள்ளை’ என்ற குடும்பப் பெயருக்குக் குழந்தை என்றுதானே பொருள்? பிறக்கப்போகும் எங்கள் குழந்தைக்கும் அதைத் தொடரலாமா?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுக் கடந்துபோக முடியவில்லை. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் ‘பிள்ளை’ என்றுதான் இருக்கிறது. நீங்களும் வெளிநாட்டில் இருந்துகொண்டு, பிறப்புப் பதிவில் வரும் கடைசிப் பெயர் கட்டத்தை நினைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

குழந்தை என்பது அந்தச் சொல்லுக்குப் பின்னால் வந்து சேர்ந்த பொருள். தொல்காப்பிய மரபியல், மனிதக் குழந்தைக்குக் ‘குழவி’, ‘மகவு’ என்ற இரண்டு சொற்கள்தான் உரியவை என்கிறது. ‘பிள்ளை’ அங்கே பறவைக் குஞ்சுக்கும், தவழும் உயிர்களின் குட்டிக்கும், இளஞ்செடிக்கும் உரியது. கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை, தென்னம்பிள்ளை எல்லாம் அந்தப் பழைய வழக்கின் மிச்சம். நாகர்கோவில் பக்கம் எங்கள் ஆச்சி, “போன வருசம் ஆறு பிள்ளை வச்சேன், ரெண்டு பட்டுப்போச்சு” என்பாள். தோட்டத்துத் தென்னங்கன்றைச் சொல்கிறாள் என்று புரியும்வரை எனக்கு அதைக் கேட்கவே பயமாக இருக்கும். நாம் சாதாரணமாகச் சொல்லும் ஆம்பளை, பொம்பளை இரண்டும் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்பதன் பேச்சு வடிவங்கள்தான். அப்படிப் பார்த்தால் இந்தச் சொல் ஒட்டாத தமிழ் ஆளே இல்லை.

மரியாதைப் பெயராகவும் இருந்திருக்கிறது. வைணவ ஆசாரியர்களில் பெரியவாச்சான் பிள்ளை, பிள்ளை லோகாசாரியர் ஆகியோர் அந்தணர்கள். ராமானுசரின் சீடர் பிள்ளை உறங்காவில்லி தாசர் ஒரு மல்யுத்த வீரர். தாழ்ந்த குலம் என்று மற்றவர்கள் ஒதுக்கியவர். இவர்கள் எல்லோருக்கும் ஒரே ‘பிள்ளை’தான். பிறகு கணக்கு எழுதுகிறவர் கணக்குப்பிள்ளை ஆனார். திருவிதாங்கூரில் அரசர் கொடுக்கும் பட்டமாகவும் இருந்தது. வேளாளர், இசை வேளாளர், கேரளத்து நாயர் எனப் பல சமூகத்தாரின் பெயருக்குப் பின்னால் நின்று, கடைசியில் “நீ யார்” என்பதை வாயைத் திறந்து கேட்காமலே தெரிந்துகொள்ளும் வழியாக மாறிப்போனது.

இதை எழுதும்போதே, ‘சாதிப் பெயருக்கு வக்காலத்து வாங்குகிறாள்’ என்று ஒருவர் கிளம்பி வருவார் என்று தெரியும். வாங்கவில்லை. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். நம் தாத்தாக்கள் காலத்தில் பெயரோடு ஒட்டியிருந்தது அப்பாக்கள் காலத்தில் பெரும்பாலும் உதிர்ந்தது என்றால், அந்த இயக்கத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. எங்கள் மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்த தேவசகாயத்துக்கு 2022இல் போப் பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தபோதும் ‘பிள்ளை’ என்பதை விட்டுவிட்டுத்தான் அறிவித்தார்கள். அது சரி என்றுதான் நான் நினைக்கிறேன்.

பிறகு ஏன் என் பெயரில் இருக்கிறது? பள்ளிச் சான்றிதழில் எனக்கு இனிஷியலும் என் பெயரும் மட்டும்தான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர், அப்பா பெயரின் வாலை வெட்டி எடுத்து அந்தக் கட்டத்தில் வைத்துவிட்டார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, கேள்வி கேட்கத் தெரியவில்லை. இந்தக் கட்டத்தின் மேல் எனக்கு ஆறாத கோபம் உண்டு. அப்பா பெயரின் ஓரெழுத்தைத் தாங்கிக்கொண்டு சொந்தப் பெயரால் அறியப்படுவது எவ்வளவு நல்ல ஏற்பாடு! அதற்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. என் தங்கை அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள். அவளுடைய அமெரிக்க விசாவில், முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் எஃப்.என்.யூ என்ற மூன்றெழுத்து அச்சாகி வந்தது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் குடும்பப் பெயர் ஆகிவிட்டது.

லண்டனில் செவிலியராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தமிழர் கூட்டத்துக்குப் போனேன். பெயர் எழுதும் மேசையில் இருந்தவர் என் அடையாள அட்டையைப் பார்த்து, “சாதியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டா வந்திருக்கிறீர்கள்?” என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டு, வந்து அழுதேன். அவர் சொன்னதில் உண்மை இருந்ததுதான் அதிகம் வலித்தது. அதன்பின் வேலை நேரத்தில்கூட அட்டையைத் திருப்பியே போட்டுக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் வார்டுக்கு யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் வந்தார், இடுப்பெலும்பு முறிவு. முதல் நாளே, “பிள்ளை, ஒருக்கா இந்த யன்னலைச் சாத்திவிடுங்கோ” என்றார். எனக்கு உடம்பு சுருங்கிப்போனது. திருப்பிப் போட்ட அட்டையை எப்படிப் படித்தார்? அவருக்கு ஆங்கிலமும் தெரியாது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, “என் பேரு உங்களுக்கு யாரும்மா சொன்னாங்க?” என்று கேட்டேன். “உங்கட பேர் எனக்கென்னெண்டு தெரியும், பிள்ளை?” என்றார்.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் எங்களோடு வேலை செய்தான், அவனும் ‘பிள்ளை’. தரை துடைக்க வரும் போலந்துப் பெண்ணும் ‘பிள்ளை’. பெரிய மருத்துவர் வந்து நின்றபோதும், “பிள்ளை என்ன சொல்லுது?” என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். மூன்றாம் வாரத்தில் அவர் குரல் கொடுத்தால் அந்தப் பிலிப்பைன்ஸ் பையன் எனக்கு முன்னால் ஓடுவான். அவர் வீட்டுக்குப் போன அன்று என் அட்டையை நேராகத் திருப்பிப் போட்டேன்.

என்றாலும் என் மகனுக்கு அதைக் குடும்பப் பெயராக வைக்கவில்லை. வாயால் கூப்பிடும்போது அந்தச் சொல் எல்லோருக்கும் ஆகிறது. கட்டத்தில் எழுதினால் சிலருடையதாகச் சுருங்கிவிடுகிறது. எனக்குத் தோன்றியது இவ்வளவுதான். நீங்கள் வைத்தால் உங்களைத் தவறாக நினைக்கமாட்டேன், ஆனால் என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். என் பெயரை இன்னும் மாற்றவில்லை. படிப்புச் சான்றிதழ், பதிவு, விசா எல்லாவற்றையும் திருத்த வேண்டும். அந்தத் தெம்பு இதுவரை வரவில்லை.

இங்கிலாந்தில் பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். குழந்தையின் கடைசிப் பெயர் பெற்றோருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் கிடையாது. என் கணவரின் சொந்தப் பெயரையே எழுதினோம். பதிவாளர் எதுவும் கேட்கவில்லை. நீங்கள் இருக்கும் நாட்டு விதியை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், பயணம் போகும்போது பிறப்புச் சான்றிதழைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். அம்மா பெயரும் பிள்ளை பெயரும் வேறாக இருந்தால் விமான நிலையத்தில் விசாரிப்பார்கள். எங்களை இரண்டு முறை நிறுத்தினார்கள்.