மோட்டார் பட்டறை – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: 2012 மாடல் ஸ்விஃப்ட் டீசல் கார் வைத்திருக்கிறேன். ஐட்லிங்கில் என்ஜின் உதறுகிறது. சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்கள் நான்கையும் கழற்றிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார் மெக்கானிக். மூன்று வந்துவிட்டன, ஒன்று அசையவே இல்லை. சுத்தியலால் தட்டி எடுக்கலாம் என்கிறார். சம்மதிக்கலாமா?
– ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: சம்மதிக்காதீர்கள். பக்கவாட்டில் ஓர் அடி பலமாக விழுந்தால் போதும், இன்ஜெக்டரின் தலையில் இருக்கும், மின்சாரத்தால் இயங்கும் சோலனாய்டு கெட்டுவிடும். இன்ஜெக்டரும் கோணிக்கொண்டு இன்னும் இறுகும். என்ஜினின் சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விட்டால் செலவு எங்கேயோ போய்விடும்.

உங்கள் காரில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி என்ஜின். இன்ஜெக்டரின் அடியில் ஒரு செம்பு வாஷர் உட்கார்ந்திருக்கும். அது சரியாக அடைக்காவிட்டால் எரிந்த வாயு மேலேறி, எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து தார் மாதிரி இறுகிப்போகும். இப்போது பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் அந்தக் கரிதான். இறுக்கம் தளர்த்தும் எண்ணெயைச் சுற்றிலும் விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் இன்ஜெக்டரின் உடலில் ஸ்பானர் பிடிக்கும் இடத்தில் மட்டும் பிடித்து, இடமும் வலமுமாக மயிரிழை அளவு அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே உள்ள சோலனாய்டு நட்டில் ஸ்பானர் படவே கூடாது. அசைவு கிடைத்த பிறகு, அந்த என்ஜினுக்கென்று உள்ள அடாப்டரைப் பொருத்தி ஸ்லைடு ஹாமரால் (தண்டில் சறுக்கும் எடையின் விசையால் இழுக்கும் கருவி) நேராக மேலே இழுக்க வேண்டும். ஒரே நாளில் வராவிட்டால் மறுபடியும் ஊறட்டும். அவசரப்படுகிற பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஊறவைத்த எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கக்கூடும். இன்ஜெக்டர்கள் வெளியே இருக்கும்போதே என்ஜினைக் கையால் மெதுவாகச் சுழற்றி அதை வெளியேற்றிவிடுங்கள். திரவத்தைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. அப்படியே மூடி ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துபோகலாம்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது வேறொன்று. நான்கையும் கழற்றுவதற்கு முன் ரிட்டர்ன் சோதனை செய்தார்களா? நான்கு இன்ஜெக்டர்களிலிருந்தும் மிச்ச டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் குழாய்களையும் நான்கு ஒரே அளவுப் புட்டிகளில் விட்டு என்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட வேண்டும். எந்தப் புட்டியில் மற்றவற்றைவிட மிக அதிகமாக டீசல் சேர்கிறதோ, அந்த இன்ஜெக்டர் உள்ளுக்குள் தேய்ந்திருக்கிறது. எந்தச் சிலிண்டருக்கு ஈடுகட்ட எவ்வளவு டீசலைக் காரின் கம்ப்யூட்டர் கூட்டிக் குறைக்கிறது என்பதை ஸ்கேனரும் காட்டும். இவ்விரண்டையும் பார்த்த பிறகே ஸ்பானரை எடுக்க வேண்டும். நன்றாக உட்கார்ந்திருக்கும் இன்ஜெக்டரைத் தேவையில்லாமல் பிடுங்குவது புதிய பழுதை விலை கொடுத்து வாங்குவதுதான்.

கழற்றிய மூன்றிலும் சிலிண்டர் எண் எழுதி, முனைகளுக்கு மூடி போட்டு வைத்திருக்கிறார்களா என்று இன்றே போய்ப் பாருங்கள். ரெயில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் உயர் அழுத்த டீசலைப் பங்கிடும் பொதுக் குழாய்), பைப், இன்ஜெக்டர் குழி எல்லாமே மூடியிருக்க வேண்டும். வேஸ்ட் துணியின் ஓர் இழை உள்ளே போனாலும் டீசல் பீச்சும் முனையான நாசிலின் துளையை அடைத்துவிடும்.

கேள்வி: இன்ஜெக்டர் வேலை முடிந்து வண்டி வந்தது. ஒரு வாரத்தில் ‘சுக், சுக்’ என்று ஒரு சத்தம். ஏ.சி. போட்டால் உள்ளே புகை நாற்றம். இன்ஜெக்டர் மறுபடியும் போய்விட்டதா?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: இன்ஜெக்டரைச் சந்தேகிக்கும் முன் செம்பு வாஷரைப் பாருங்கள் அம்மா. ஐட்லிங்கில் ஓடும்போது இன்ஜெக்டரின் அடியைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். குமிழி வந்தால் கசிவு அங்கேதான்.

இதற்குக் காரணமாக நான் அடிக்கடி பார்ப்பது, குழியின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய வாஷர். அதைக் கவனிக்காமல் மேலே புதியதைப் போட்டுவிடுகிறார்கள். பழைய வாஷரையே தணலில் காட்டித் திரும்பப் போடுபவர்களும் உண்டு. சில ரூபாய்ப் பொருளில் மிச்சம் பிடிக்கும் இந்தப் பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. குழியின் அடியில் நாசில் இறங்கும் துளைக்குள் கரி விழாமல் அதை அடைத்துவிட்டு, கிரீஸ் தடவிய கருவியால் கையாலேயே கரியைச் சுரண்டி, டார்ச் அடித்துப் பார்த்து, அடித்தளம் பளிச்சென்று தெரிந்த பிறகே புது வாஷர் இறங்க வேண்டும். இன்ஜெக்டரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டைக் கைக்கணக்கில் முறுக்காமல், முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்க வேண்டும்.

இன்ஜெக்டர் மாற்றியிருந்தால் இன்னொன்றும் கேளுங்கள். பல காமன் ரெயில் கார்களில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு குறியீடு பொறித்திருக்கும். அதை ஸ்கேனர் மூலம் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். இன்ஜெக்டர்கள் சிலிண்டர் மாறி உட்கார்ந்திருந்தாலும் இதே தொல்லைதான். என்ஜின் கரடுமுரடாக ஓடும்.

கேள்வி: பெட்ரோல் காரிலும் இவ்வளவு கவனம் வேண்டுமா?
– ஒரு வாசகர், ஆரணி

பதில்: சாதாரண பெட்ரோல் காரில் அழுத்தம் குறைவு, கழற்றுவதும் எளிது. முதலில் எரிபொருள் அழுத்தத்தை வெளியேற்றுங்கள், என்ஜின் ஆறியிருக்கட்டும், பக்கத்தில் தீப்பொறி கூடாது. ஓ-ரிங்குகளை (இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்கள்) புதிதாகப் போட்டு, துளி எண்ணெய் தடவி இறக்குங்கள்.

கேள்வி: டீசல் பைப் எங்கே கசிகிறது என்று என்ஜின் ஓடும்போது விரலால் தடவிப் பார்க்கலாமா?
– ஒரு மாணவர், ஐ.டி.ஐ., நாகர்கோவில்

பதில்: ஒருபோதும் கூடாது தம்பி. கார் டயரில் இருக்கும் அழுத்தம் இரண்டு ‘பார்’ சொச்சம். டீசல் ரெயிலில் அது ஆயிரம் பாரைத் தாண்டும். கண்ணுக்குத் தெரியாத பீச்சல்கூடத் தோலைத் துளைத்துச் சதைக்குள் டீசலை ஏற்றிவிடும். என்ஜினை அணைத்து, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, அழுத்தம் இறங்கிய பிறகே நட்டைத் தொடு. கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டைத் தூரத்தில் பிடி, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள். யாருக்காவது அப்படிப் பட்டுவிட்டால் காயம் ஊசிக்குத்து அளவுதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. அதை நம்பிக் காத்திருக்காமல் உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போ. உயர் அழுத்த டீசல் உள்ளே ஏறியிருக்கிறது என்று டாக்டரிடம் அதே வார்த்தைகளில் சொல்.