அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்: முதலில் ஆபரேஷனா, கீமோவா?

கேள்வி: மும்பை சயான் கோலிவாடாவில் இருக்கிறோம். திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு வயது 58, சர்க்கரை உண்டு. இடது மார்பில் 4.5 செ.மீ. கட்டி, அக்குளில் ஒரு நெறிக்கட்டி. பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. ரிப்போர்ட்டில் ‘ஈஆர் பாசிட்டிவ், பிஆர் பாசிட்டிவ், ஹெர்-2 2+’ என்று போட்டிருக்கிறது. பக்கத்து நர்சிங் ஹோமில் நாளைக்கே எடுத்துவிடலாம் என்கிறார்கள். புற்றுநோய் மருத்துவர் ஒருவர் முதலில் கீமோ என்கிறார். ஊசி குத்தியதிலேயே நோய் பரவியிருக்கும் என்று சித்தி பயமுறுத்துகிறார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்வது?

பதில்: ‘நாளைக்கே’ என்பதை முதலில் ஒதுக்கி வையுங்கள். 4.5 செ.மீ. கட்டி போன வாரம் முளைத்ததல்ல. ரிப்போர்ட்டை முழுமையாக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆனால் அது தாமதம் ஆகாது. டாக்டர் மாற்றி டாக்டர் என்று இரண்டு மாதம் அலைந்தால்தான் தாமதம்.

உங்கள் கையிலிருக்கும் ரிப்போர்ட் இன்னும் முடியவில்லை. ஹெர்-2 என்பது புற்று அணுக்களின் மேலிருக்கும் ஒரு புரதம். 0 அல்லது 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் தீர்ப்பு ஒத்திவைப்பு. அதைத் தீர்க்க ஃபிஷ் என்று ஒரு மரபணுச் சோதனை இருக்கிறது. ஏற்கெனவே எடுத்த சதையிலேயே செய்வார்கள், மறுபடி குத்த வேண்டாம். ஆனால் பல லேப்களில் மருத்துவர் எழுதிக் கொடுத்து, நீங்கள் தனியாகப் பணம் கட்டினால்தான் நடக்கும். தானாக வரும் என்று காத்திருந்து நாளைத் தொலைப்பவர்கள் நிறைய.

ஃபிஷ் பாசிட்டிவ் என்றால் கீமோவோடு, ஹெர்-2வைத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி சேரும். 21 நாளுக்கு ஒன்று, ஒரு வருடம், ஏறத்தாழ 18 ஊசி. இந்திய கம்பெனிகளும் தயாரிப்பதால் கம்பெனிக்குக் கம்பெனி விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும். ஆரம்பிக்கும் முன் விசாரியுங்கள். இதயத்தின் பம்பிங் குறையலாம் என்பதால் முதல் ஊசிக்கு முன் எக்கோ என்ற இதய ஸ்கேன் ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நெகட்டிவ் என்றால் இந்த ஊசியே கிடையாது. அப்போது ஆபரேஷன் முதலா, கீமோ முதலா என்பதையே மறுபடி பேச இடமிருக்கிறது. ஈஆர் பாசிட்டிவ் என்றால் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் வளரும் கட்டி, ஆகவே எப்படியானாலும் பிற்பாடு ஹார்மோன் மாத்திரை குறைந்தது ஐந்து வருடம் உண்டு. ஃபிஷ் வராமல் வரிசையை முடிவு செய்வது, மாப்பிள்ளை யாரென்று தெரியாமல் மண்டபம் பிடிக்கிற கதை.

கீமோவை முதலில் கொடுத்தால் ஆயுள் குறையுமோ என்ற பயம் வேண்டாம். இந்த அளவுக் கட்டியில் எதை முதலில் செய்தாலும் ஆயுளில் வித்தியாசம் இல்லை. கட்டி சுருங்கினால் மார்பை முழுக்க எடுக்காமல் தப்பிக்கலாம், மருந்து கேட்கிறதா என்றும் கண்முன்னே தெரியும். ஒன்றை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: “முதல் கீமோவுக்கு முன்னால் கட்டியில் கிளிப் வைப்பீர்களா?” அரிசிமணி அளவு உலோகத் துண்டு அது. மருந்து நன்றாக வேலை செய்து கட்டி கரைந்தே போய்விட்டால், எங்கே வெட்டுவது என்று சர்ஜனுக்குக் காட்ட அது ஒன்றுதான் அடையாளம். அக்குள் கட்டிக்கும் அடையாளம் வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

சித்தி சொல்வதற்கு ஆதாரம் இல்லை. பயாப்ஸி செய்யாமல் கட்டியை அவசரமாக வழித்தெடுத்து, வெட்டிய ஓரத்தில் புற்று மிச்சம் இருக்கிறதா என்றே தெரியாமல் போவதுதான் உண்மையில் கெடுதல். அப்புறம் இரண்டாவது ஆபரேஷன்.

இரண்டாவது கருத்துக்கு பரேல் டாடா மெமோரியல் உங்களுக்குப் பக்கம்தான். பொதுப் பிரிவு, தனியார் பிரிவு என்று பதிவு இரண்டு வகை. கட்டணமும் காத்திருப்பும் மாறும். வெறும் ரிப்போர்ட் காகிதம் போதாது. பயாப்ஸி செய்த லேபில் எழுதிக் கொடுத்து கண்ணாடி ஸ்லைடுகளையும், அந்தச் சதையை மெழுகில் பதித்த பிளாக்கையும் வாங்குங்கள். பிளாக் தீப்பெட்டியைவிடச் சிறியது, மேலே எண் எழுதியிருக்கும். அந்த எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கவுண்டரிலேயே பாருங்கள். மே மாத வெயிலில் காரின் டாஷ்போர்டில் வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகும். நோய் வேறெங்காவது போயிருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேனைப் பொறுத்தவரை பெட்-சிடி, அல்லது நெஞ்சு வயிறு சிடியோடு எலும்பு ஸ்கேன்: இரண்டில் ஒன்று போதும்.

கீமோ தொடங்கினால் வீட்டில் அவசியம் வேண்டியது ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். மருந்து ஏறிய ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள் வரை, கிருமிகளோடு சண்டை போடும் வெள்ளணுக்கள் தரை தட்டும். அந்த நாட்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால், பாரசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று இருக்கக் கூடாது. இரவு இரண்டு மணியானாலும் கேஷுவாலிட்டி. உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியம்: “கீமோ போட்டுப் பத்து நாள் ஆகிறது, காய்ச்சல்.” வெறுமனே ‘காய்ச்சல்’ என்றால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். வாந்திக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை எகிற வைக்கும், ஆகவே முதல் மூன்று நாள் குளுக்கோமீட்டரும் கையில் இருக்கட்டும். ஊரிலிருந்து வரும் லேகியம், கஷாயம் எதுவும் கீமோ முடியும்வரை வேண்டாம். கீமோ மருந்தோடு அவை மோதலாம், கல்லீரலையும் கெடுக்கலாம்.

அம்மா ஊருக்குப் போய்வர ஆசைப்பட்டால், ஒன்றரை நாள் ரயில் பயணத்தை, கீமோ ஏறி வெள்ளணுக்கள் தேறிவரும் மூன்றாவது வாரத்தில் வையுங்கள். சிகிச்சைக்கான பயணத்துக்கு ஆஸ்பத்திரி கையெழுத்திட்ட சலுகைப் படிவம் இருந்தால் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் அம்மாவுக்குக் கட்டணம் இல்லை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. காப்பீட்டில் அம்மாவின் பெயர் எந்த மாநில ரேஷன் கார்டில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். மகாராஷ்டிர ஜோதிராவ் ஃபுலே திட்டமா, தமிழ்நாடு முதலமைச்சர் காப்பீடா என்பதை ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரிடம் முதல் நாளே கேளுங்கள். சிகிச்சைக்கு முன்பே ஒப்புதல் வாங்கியாக வேண்டும்.

அம்மாவிடம் மறைப்பது நடக்காத காரியம். ஓபிடி வாசலில் எழுதியிருப்பதைப் படிப்பார், மூன்றாவது வாரம் முடி கொட்டும், பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லிவிடுவார். நீங்கள் சொன்னால் நல்லது. வீட்டில், கூட்டம் இல்லாத நேரத்தில், இவ்வளவு போதும்: “அம்மா, அந்தக் கட்டி கேன்சர்தான். மருந்து இருக்கு. என்ன செய்யப்போறாங்கன்னு ஒவ்வொண்ணா உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் செய்வோம்.” பிறகு பேசாமல் உட்காருங்கள். அவர் கேட்பதற்கு மட்டும் பதில். “எத்தனை நாள்?” என்று கேட்டால், ஸ்கேனும் ஃபிஷ்ஷும் வந்த பிறகு டாக்டரிடம் சேர்ந்தே கேட்போம் என்று சொல்லுங்கள், அந்த நாளில் அவரை வெளியே உட்கார வைக்காதீர்கள்.